கடைசிப் பேப்பர்

ஒரு விஷயத்தில் நாலு பேர் நாலு விதமாகப் பேசி, நாலு பேர் பேச்சிலும் நியாயம் இருந்து தொலைத்தால், அந்த வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது. மாதுங்கா மார்க்கெட்டுக்குப் பின்னால் இரண்டாவது மாடியில், சங்கரன் வீட்டில் மூன்று நாளாக அதுதான் கதி.

போன வாரம் படிக்காமல் விட்டவர்களுக்காக இரண்டு வார்த்தை. சங்கரனின் பெண் ஷ்யாமளா இன்டர் சயன்ஸ் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறாள். டாக்டராக வேண்டும் என்பது அவளுக்குப் பாவாடை கட்டின நாளிலிருந்து ஆசை. பிசிக்ஸ் பேப்பரில் முதல் கணக்கே தப்பிவிட்டது. அதையே அடித்து அடித்துப் போட்டுப் பார்த்ததில் நேரம் போய், இரண்டு பெரிய கேள்விகளைத் தொடாமலே கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

அண்ணன் மணி, அதாவது சுப்ரமணியன், செம்பூரில் ஒரு கம்பெனி ஸ்டோர்ஸில் குமாஸ்தா. அவன்தான் பென்சிலை எடுத்துக் கணக்குப் பார்த்தான். மெடிகல் காலேஜில் இங்கிலீஷையும் மற்றதையும் யார் பார்க்கிறார்கள்? பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி, மூன்றையும் கூட்டி மேலேயிருந்து வரிசையாக எடுத்துக்கொண்டு, இடம் தீர்ந்ததும் கதவைச் சாத்திவிடுவார்கள்.

"பாஸ் ஆயிடுவே. செகண்ட் கிளாஸ் வரும். பயாலஜில நூத்துக்கு நூறு வாங்கினாலும் பிசிக்ஸ் கீழே இழுத்துடும்," என்றான் மணி. அப்புறம் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான். "கடைசிப் பேப்பரை எழுதாதே. டிராப் எடுத்துடு."

பம்பாயில் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்களுக்கு இந்த வார்த்தையை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு பேப்பர் எழுதாவிட்டால் பெயில். பெயில் ஆனால் அடுத்த வருஷம் எல்லாப் பேப்பரையும் முதலிலிருந்து எழுதிப் புது மார்க் வாங்கலாம். பாஸ் ஆகிவிட்டாலோ, வாங்கினது வாங்கினதுதான். ஆயுசுக்கும் அந்த மார்க்கோடுதான் குடித்தனம். அதனால் இந்த ஊரில் கெட்டிக்காரப் பிள்ளைகள்தான் வேண்டுமென்றே பெயில் ஆவார்கள். சுமாரான பிள்ளைகள் ஒழுங்காகப் பாஸ் ஆகிவிடுவார்கள்.

"முடியவே முடியாது," என்று சங்கரன் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்தார். மணி கத்தவில்லை. "எனக்கும் இதையேதானே சொன்னேள்," என்றான். அதோடு அப்பாவிடம் பேச்சை நிறுத்திவிட்டான்.

இன்றைக்குக் கடைசிப் பேப்பர்.

சங்கரன் ரசம்சாதத்தைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். காலை எட்டரை மணிக்கே ஏப்ரல் மாத வெயில் சமையலறை ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிட்டது. இரவெல்லாம் புரண்டதில் கண் எரிந்தது. ஐம்பத்தாறு வயதில் உடம்பு இதற்கெல்லாம் இடம் கொடுப்பதில்லை.

"ஏன்னா, போறச்சே அவகிட்டே ஒரு வார்த்தை கண்டிப்பா சொல்லிட்டுப் போங்கோ," என்றாள் பார்வதி, மோரை ஊற்றிக்கொண்டே. "நான் சொன்னா காதிலேயே போட்டுக்கமாட்டேங்கறா."

"மூணு நாளா அதைத்தானே சொல்லிண்டிருக்கேன்."

"நீங்க சொல்ற அழகு எனக்குத் தெரியாதா? முணுமுணுன்னு சுவத்தைப் பார்த்துண்டு சொல்லுவேள். டிராப்பாம் டிராப்! மார்க்கெட்ல காய்காரிக்கு டிராப் தெரியுமா? எல்லாருக்கும் பெயில்தான் தெரியும். சங்கரன் பொண்ணு பெயில்னு கீழாத்துலேர்ந்து முலுண்ட் வரைக்கும் பேசுவா."

பம்பாய்க்கு அந்தக் கோடியில் இருக்கிற முலுண்ட் எதற்கு நடுவில் வந்தது என்று சங்கரனுக்குத் தோன்றியது. கேட்கத் தெம்பு இல்லை. மோரைக் குடித்துவிட்டு எழுந்தார்.

மணி குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே குறுக்கே போனான். அப்பா என்று ஒருவர் அங்கே நிற்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை. உள்ளறையில் தங்கையிடம் தாழ்ந்த குரலில் ஏதோ பேசினான். சங்கரன் சட்டை மாட்டிக்கொண்டு வருவதற்குள் படியிறங்கிப் போய்விட்டான்.

ஷ்யாமளா ஜன்னலடியில் பயாலஜி புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். பக்கம் புரளவில்லை. கண் இரண்டும் வீங்கியிருந்தன. சங்கரன் 'ஒழுங்காகப் போய் எழுதிவிட்டு வா' என்று சொல்லத்தான் உள்ளே போனார்.

"பேனாவுக்கு மசி போட்டுண்டியா?" என்றார்.

"போட்டாச்சுப்பா."

"ரெண்டு பேனா எடுத்துண்டு போ."

"சரிப்பா."

அவள் அவரையே பார்த்தாள். இவர் இன்னும் ஏதோ சொல்லப்போகிறார் என்று காத்திருப்பதுபோல் இருந்தது. சங்கரன் அவள் தலையில் கையை வைத்தார், எடுத்தார். சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மாதுங்கா ஸ்டேஷனில் அவருடைய வண்டி, அவருடைய பெட்டி, அவருடைய மூலை. பம்பாயில் ஆபீஸ் போகிறவனுக்கு வீட்டில் இடம் இருக்கிறதோ இல்லையோ, ரயிலில் நிற்க ஓர் இடம் கண்டிப்பாக உண்டு. அந்த மூலையில் பதினைந்து வருஷமாகக் கூட நிற்பவர் வானமாமலை. திருநெல்வேலிப் பக்கத்து ஐயங்கார், இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருக்கிறார், வாய் ஓயாது.

"ஜரா சர்க்கோ பாய்," என்று ஒரு குஜராத்திக்காரரை நகர்த்திவிட்டு அவர் சங்கரனுக்கு இடம் பண்ணினார். "வாரும் ஓய். இன்னிக்குத்தானே உம்ம பொண்ணுக்குக் கடைசி? எப்படி எழுதியிருக்கா?"

"ஏதோ எழுதியிருக்கா. பிசிக்ஸ்தான் கொஞ்சம் சறுக்கிடுத்து."

"கொஞ்சம்னா?"

"ரெண்டு பெரிய கேள்வி விட்டுட்டா."

"அப்போ டிராப்தானே?"

காப்பிக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்பது மாதிரி சர்வசாதாரணமாகக் கேட்டுவிட்டார் மனுஷர். சங்கரன் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"இல்லை ஸ்வாமி. எழுதச் சொல்லியிருக்கேன். பொம்மனாட்டிக் குழந்தை. ஒரு வருஷத்தை எப்படி வீணாக்கறது? எனக்கும் சர்வீஸ் ரெண்டு வருஷம்தான் பாக்கி."

தாதரில் கூட்டம் ஏறி இரண்டு பேரையும் சுவரோடு அப்பியது. அந்த நெருக்கடியில் வானமாமலை சங்கரனின் காதருகே வாயை வைத்துக்கொண்டு பேசினார்.

"எங்க ரங்கன் கெமிஸ்ட்ரியிலே கோட்டைவிட்டுட்டு வந்து நின்னான். கடைசிப் பேப்பர் எழுதமாட்டேன்னான். செருப்பைக் கையிலே எடுத்துட்டேன் ஓய், பொய் சொல்லலே. ஆத்துக்காரி ரெண்டு வேளை சாப்பிடலே. பெயில், பெயில்னு இந்தப் பெட்டியிலேயே எத்தனை பேர் கேலி பண்ணினா! மறு வருஷம் ஃபர்ஸ்ட் கிளாஸ் வந்தான். இன்ஜினியரிங் முடிச்சு இப்போ ட்ராம்பே பக்கம் வேலை, குவார்ட்டர்ஸ் கொடுத்திருக்கா. அந்த ஒரு வருஷத்தை இப்போ யாராவது கேக்கறாளா?"

"ம்."

"உம்ம மணியும் அவனும் ஒரே பெஞ்சுதானே? ரெண்டு பேருக்கும் அந்தக் கெமிஸ்ட்ரிதானே காலை வாரித்து? மணி எழுதிட்டான், பாவம்."

பாவம்! மணியைப் பற்றி ஒருவர் அப்படிச் சொல்லி சங்கரன் இதுவரை கேட்டதில்லை. பையனுக்கு வேலை இருக்கிறது, கெட்ட பழக்கம் கிடையாது, சம்பளத்தை அப்படியே அம்மாவிடம் கொடுக்கிறான். ஊரெல்லாம் தங்கமான பிள்ளை என்றுதான் சொல்லும். தங்கமான பிள்ளை சிரித்துப் பேசி எத்தனை நாளாயிற்று என்று சங்கரன் யோசித்துப் பார்த்தார். நினைவுக்கு வரவில்லை.

அன்றைக்கு மணியும் இப்படித்தான் ஜன்னலடியில் உட்கார்ந்திருந்தான். எழுதாமல் இருந்துவிடுவானோ என்று பயந்து, சங்கரன் முன்னாடியே எழுதிக்கொடுத்து ஆபீஸுக்கு லீவு போட்டார். கையைப் பிடித்துக்கொண்டு போய் ஹால் வாசலில் விட்டார். அவன் உள்ளே போய் உட்கார்கிறானா என்று கேட் கம்பி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றார். பாஸ் ஆனான். எந்த இன்ஜினியரிங் காலேஜிலும் அந்த மார்க்குக்கு இடம் இல்லை.

'அப்பாவாடா நான்? ஜெயில் வார்டர்!' என்று சங்கரன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

வண்டி பைகுல்லாவில் நின்றபோது அவர் தீர்மானம் பண்ணிவிட்டார். எழுத வேண்டாம். ஒரு வருஷம் போனால் போகட்டும். பெயில் என்று ஊர் சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். பிசிக்ஸுக்கு ஒரு நல்ல ட்யூஷன் வைத்தால் அடுத்த வருஷம் குழந்தை பிய்த்து உதறிவிடுவாள். மனசு லேசாகி, மூன்று நாளில் முதல் தடவையாக மூச்சு ஒழுங்காக வந்தது.

எதிர்ப் பிளாட்பாரத்தில் மாதுங்கா பக்கம் போகிற வண்டி வந்து நின்றது. இறங்கி அதில் ஏறினால் தீர்ந்தது காரியம். ஷ்யாமளா வீட்டைவிட்டே கிளம்பியிருக்கமாட்டாள். சங்கரன் டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு ஓர் அடி நகரக்கூட நகர்ந்தார்.

அப்போதுதான் மஸ்டர் ஞாபகம் வந்தது.

சங்கரன் ஆபீஸ் பலார்ட் எஸ்டேட்டில், கப்பல் சரக்கு இறக்குகிற கம்பெனி. ஹெட் கிளார்க் மேஜையில் ஹாஜர் புத்தகம் திறந்திருக்கும். அதுதான் மஸ்டர். குறிப்பிட்ட நேரம் தாண்டினதும் வராதவர் பெயருக்கு நேரே சிவப்பு மசியால் ஒரு கோடு இழுப்பார்கள். எல்லார் பெயருக்கும் எதிரே எப்போதாவது சிவப்பு உண்டு. சங்கரன் பெயருக்கு எதிரே இருபத்தெட்டு வருஷமாகக் கிடையாது. புது ஆட்கள் சேரும்போது மானேஜர் அந்தப் புத்தகத்தைப் பிரித்துக் காட்டுவார். சங்கரனுக்கு மெடல் என்று வாழ்க்கையில் ஏதாவது இருந்தால் அதுதான்.

இவ்வளவு தூரம் வந்தாச்சு. போய் ஒரு கையெழுத்தைப் போட்டுவிட்டு, வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு, அடுத்த வண்டியைப் பிடித்தால் பரீட்சைக்கு முன்னால் தாராளமாகப் போய்விடலாம். சங்கரன் மனசுக்குள் கணக்குப் பண்ணினார். கணக்கில் ஒரு தப்பும் இல்லை. பைகுல்லாவில் அவர் இறங்கவில்லை.

சங்கரனை ரொம்பத் திட்டாதீர்கள். காலையில் ஒரு கையெழுத்துப் போட்டு, அதை நம்பியே பெண்டாட்டி பிள்ளைகளைக் காப்பாற்றியவனுக்குத்தான் அந்தக் கையெழுத்தின் அருமை தெரியும்.

ஆபீஸில் நுழைந்தார். கையெழுத்தைப் போட்டார். மசியை ஒற்றி எடுத்தார். ஹெட் கிளார்க்கிடம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆரம்பிக்க வாயைத் திறந்தபோது பியூன் வந்து நின்றான்.

"சங்கரன் ஸாப், படா ஸாப் புலாதா ஹை."

மஸ்டரில் கையெழுத்துப் போட்டவன் ஆபீஸில் இருக்கிறவன். ஆபீஸில் இருக்கிறவனை மானேஜர் கூப்பிட்டால் போகத்தான் வேண்டும். உள்ளே போனால், கொச்சியிலிருந்து வந்த கப்பலில் சரக்குக் கணக்குக்கும் துறைமுகக் கணக்குக்கும் ஒத்துப்போகவில்லை என்று மானேஜர் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். "சங்கரன், ஒரே நிமிஷம், இதை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்," என்றார்.

ஒரே நிமிஷமாம்! பழைய பைலைத் தேடி எடுத்து, துறைமுக ஆபீஸுக்கு டெலிபோன் பண்ணி, அங்கே ஆள் வந்து பேசி, மறுபடியும் முதலிலிருந்து கூட்டி... சங்கரன் நிமிஷத்துக்கு ஒரு தடவை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

"ஸார், என் பெண்ணுக்கு இன்னிக்குப் பரீட்சை..." என்று ஒரு தடவை ஆரம்பித்தார்.

"அடடே, நன்றாக எழுதட்டும், என் ஆசீர்வாதம்," என்றார் மானேஜர், காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

அதற்குமேல் என்ன சொல்வது? பெண்ணைப் பரீட்சை எழுதவிடாமல் தடுக்க லீவு வேண்டும் என்று உலகத்தில் எந்தத் தகப்பன் கேட்டிருக்கிறான்? வீட்டுக்குச் சொல்லி அனுப்பலாமென்றால் பில்டிங்கில் ஒரே டெலிபோன் கீழ்வீட்டு ஸேட்டுடையது. அவர் குடும்பத்தோடு ஊருக்குப் போயிருந்தார். அந்தக் கணக்கு ஒத்துக்கொண்டபோது சங்கரன் 'வயிறு' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் படியில் இறங்கினார்.

போரிபந்தர் ஸ்டேஷன் வரைக்கும் அவர் ஓடினார். நடுவில் ஒரு டாக்ஸி காலியாகப் போயிற்று, கை நீட்டத் தோன்றவில்லை. டாக்ஸிக்குக் கை நீட்டிப் பழக்கமில்லாத கை. வண்டி உடனே கிடைத்தது. அதுவும் தன்னால் முடிந்த வேகத்தில்தான் வந்தது. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஏறுகிறவர்கள், இறங்குகிறவர்கள் எல்லாரையும் அவர் மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தார்.

பரீட்சை நடந்த இடம் கிங்ஸ் சர்க்கிளுக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். ஸ்டேஷனிலிருந்து தட்டாமாலை சுற்றுகிற தலையோடு அவர் வந்து சேர்ந்தபோது கேட் சாத்தியிருந்தது. உள்ளே காக்காய்ச் சத்தம்கூட இல்லை. மணி அடித்து ரொம்ப நேரம் ஆகவில்லை, இப்போதுதான் அடித்தது என்று வெளியே நின்றவர்கள் சொன்னார்கள்.

ஒருவேளை அவள் வரவே இல்லையோ? டிராப் எடுத்துவிட்டாளோ? அந்த ஒரு நம்பிக்கையில் சங்கரன் கூட்டத்தைத் துழாவினார். பக்கத்து பில்டிங் அம்மாள் ஒருத்தி மகனுக்காக ப்ளாஸ்கில் காப்பியோடு நின்றாள். "ஷ்யாமளாவைத் தேடறேளா மாமா? இப்பத்தான் உள்ளே போனா. கடைசி ஆளா போச்சு குழந்தை," என்றாள்.

சங்கரன் கேட் காவல்காரனிடம் போனார். அவருடைய ஹிந்தி இருபத்தெட்டு வருஷமாக ஆபீஸ் பியூனோடு நின்றுவிட்ட ஹிந்தி.

"பாய், மேரா லட்கி அந்தர் ஹை. உஸ்கோ ஏக் பாத் போல்னா ஹை." உள்ளே இருக்கிற பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று கெஞ்சினார்.

"பரீக்ஷா சாலூ ஹை. குச் நஹி." பரீட்சை ஆரம்பித்தாயிற்று, ஒன்றும் நடக்காது என்று அவன் கையை விரித்தான்.

"ஏக் சிட்டி, சின்ன சிட்டி தேதோ," என்று சங்கரன் பையிலிருந்து ரயில் பாஸும் பென்சிலும் எடுத்தார். எழுதாமல் எழுந்து வா என்று மூன்று வார்த்தை எழுதி அனுப்பினால் போதும்.

காவல்காரன் அவரை மேலும் கீழும் பார்த்தான். சீட்டா? உள்ளே காப்பியடிக்கப் பதில் எழுதி அனுப்புகிறாயா, இந்த வயசில் வெட்கமாக இல்லை, போலீஸைக் கூப்பிடட்டுமா என்று ஹிந்தியும் மராட்டியும் கலந்து ஒரு பிடி பிடித்தான். சுற்றி நின்ற தாய் தகப்பன்மார்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் நமுட்டுச் சிரிப்புச் சிரித்தார்.

நெற்றியில் விபூதி, கையில் சாப்பாட்டு டப்பா, இருபத்தெட்டு வருஷம் சிவப்புக் கோடு விழாத மனுஷர். கூனிக் குறுகிக்கொண்டு எதிர்ச் சாரி மரத்தடிக்குப் போய் நின்றுகொண்டார்.

அங்கேயும் நிம்மதி இல்லை. பேப்பர் ரொம்பச் சுலபமாம், எல்லாம் எதிர்பார்த்த கேள்விதானாம் என்று எப்படியோ வெளியே செய்தி வந்துவிட்டது. எல்லார் முகமும் மலர்ந்தது. சங்கரன் கண்ணை மூடிக்கொண்டார். 'பிள்ளையாரப்பா, அவளுக்கு மட்டும் கஷ்டமாயிருக்கட்டும். எல்லாம் மறந்துபோகட்டும்,' என்று வேண்டிக்கொண்டார். பெற்ற தகப்பன் செய்கிற பிரார்த்தனையா இது! பயாலஜியோ அவளுக்குத் தண்ணிபட்ட பாடு. அது பிள்ளையாருக்கும் தெரியும்.

வெயில் உச்சிக்கு வந்தது. காலையில் சாப்பிட்ட ரசம்சாதம் எங்கே போயிற்றோ, டப்பா கையிலேயே இருக்கிறது, திறக்கத் தோன்றவில்லை. ப்ளாஸ்க் அம்மாள் ஒரு வாய் காப்பி சாப்பிடச் சொன்னாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

ஒருவழியாக மணி அடித்தது. பிள்ளைகள் கூச்சலும் கும்மாளமுமாக வெளியே கொட்டினார்கள். ஒருவன் புத்தகத்தை மேலே தூக்கிப் போட்டுப் பிடித்தான். எல்லாருக்கும் பின்னால் ஷ்யாமளா வந்தாள், விரலெல்லாம் மசியாக.

"அப்பா! நீங்க ஆபீஸ் போகலே?"

"போயிட்டு வந்தேன். எப்படிம்மா எழுதினே?"

"நன்னா எழுதினேன்பா." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "ரொம்பவே நன்னா எழுதிட்டேன்," என்றாள்.

திருடிவிட்டு வந்தவள் சொல்வது மாதிரி தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். சங்கரன் அவளைப் பக்கத்திலிருந்த கரும்புச்சாற்றுக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பெஞ்சில் உட்காரவைத்து, இரண்டு தம்ளர் வாங்கினார்.

"எழுதமாட்டியோன்னு நினைச்சேன்."

"எழுதவேண்டாம்னுதான் இருந்தேன். நீங்க ஆபீஸ் போனப்புறம் அம்மா சொல்லிட்டா. எழுதினா மேலே பி.எஸ்ஸி. படிக்கலாமாம். எழுதலேன்னா முலுண்டுக்காராளுக்குச் சரின்னு சொல்லிடுவாளாம். பெயிலான பொண்ணை ஒரு வருஷம் ஆத்துல உக்காத்திவெச்சுப் படிக்கவைக்க அப்பா ஒருநாளும் சம்மதிக்கமாட்டார்னா."

"முலுண்டுக்காராளா? யாரு?"

ஷ்யாமளா தம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியாதா? ஞாயித்துக்கிழமை பொண் பார்க்க வரா. பையன் பாங்க்ல இருக்கானாம். உங்ககிட்டே கேட்டுத்தான் வரச்சொல்லியிருக்கேன்னாளே அம்மா."

சங்கரனுக்கு ஒன்றும் புரியாமல், எல்லாம் புரிந்தது. அந்த வீட்டுக்கு அவர்தான் தலைவர். ஞாயிற்றுக்கிழமை யார் வருகிறார்கள் என்று கரும்புச்சாற்றுக் கடையில் தெரிந்துகொள்கிறார்.

"சரி, டாக்டர் இனிமே இல்லே. அது போச்சு," என்றாள் ஷ்யாமளா. அழவில்லை. அழுது தீர்ந்துபோன குரல். "பி.எஸ்ஸி.யாவது படிக்கவிடுவேளோன்னோ? ஞாயித்துக்கிழமை நீங்க ஒரு வார்த்தை சொல்லுவேளா?"

"சொல்றேம்மா. நான் சொல்றேன்."

"அண்ணா சொன்னான்."

"என்ன சொன்னான்?"

"காலம்பற போறச்சே சொல்லிட்டுப் போனான். 'அவசரப்பட்டு உள்ளே போயிடாதே. மணி அடிக்கற வரைக்கும் கேட்டுக்கு வெளியிலேயே நில்லு. அப்பா வருவார்'னான். 'என் விஷயத்திலே என்ன ஆச்சுன்னு அவருக்குத் தெரியும். உனக்கு அப்படி ஆகவிடமாட்டார். கட்டாயம் வந்து, எழுதவேண்டாம்னு சொல்லிக் கூட்டிண்டு போவார்'னான். நீங்க வந்து சொன்னா, அம்மா சொன்னதுக்கெல்லாம் பயப்படவேண்டாமேன்னு நானும் நின்னேன். ரெண்டாவது மணி அடிச்சப்புறம்கூட நின்னேன்பா. வாட்ச்மேன் கேட்டைச் சாத்த ஆரம்பிச்சுட்டான்."

மூன்று நாளாகப் பேசாத பிள்ளை. ஏழு வருஷமாகச் சிரிக்காத பிள்ளை. அவன் அப்பாவை இப்படி நம்பிக்கொண்டிருந்தானா? சங்கரனுக்குக் கண்ணில் முட்டிக்கொண்டு வந்தது. மேல்துண்டு இல்லாததால் சட்டைக் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எழுதவேண்டாம்னு சொல்லத்தாம்மா வந்தேன்," என்றார்.

ஷ்யாமளா அசையாமல் அவரையே பார்த்தாள். கோபம் வந்திருந்தால் தேவலை. வாய்விட்டு அழுதிருந்தாலும் தேவலை. அவரைத் தேற்றுகிற மாதிரி மெல்லக் கேட்டாள்.

"ட்ரெய்ன் லேட்டாப்பா?"

அன்றைக்குப் பம்பாயில் எல்லா வண்டிகளும் நேரத்துக்குத்தான் ஓடின.

"ஆமாம்மா," என்றார் சங்கரன். "ட்ரெய்ன் லேட்."

"நினைச்சேன்." அவள் எழுந்து, அப்பா கையிலிருந்த டப்பாவை வாங்கிக்கொண்டாள். திறக்காத டப்பா கனத்தது. "வாங்கோப்பா. அண்ணா அரைநாள் லீவு சொல்லிட்டு ஆத்துக்கு வந்திருப்பான். அவன்கிட்டே முதல்ல இதைச் சொல்லணும். அப்பா வரவே இல்லேன்னு நினைச்சுண்டிருப்பான், பாவம்."